இருபத்தோராம் வட்டத்தில் பிரான்ஸ்

உலக ஒற்றுமைக்காகப் பெரிய பெரிய மாளிகைகளில் மாநாடுகள் நடக்கின்றன. கொடிகள் பறக்கின்றன, மேசைதோறும் தண்ணீர் பாட்டில்கள் வைக்கப்படுகின்றன, கடைசியில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். இத்தனை தலைவர்கள் கூடியும் முடியாத காரியத்தை ஒரு தனிமனிதர், நெய்வேலி இருபத்தோராம் வட்டத்துக் குவார்ட்டர்ஸ் ஒன்றில், இரண்டு பர்னர் அடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு சாதித்துக் காட்டினார். அந்த மாமனிதரின் பெயர் செங்குட்டுவன்.

செங்குட்டுவன் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவு அதிகாரி. பெல்ட் ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஓடினால் அவர் பார்த்ததால் ஓடுகிறது. நின்றால் பெல்ட் சரியில்லை. இந்த உயரிய நிர்வாகத் தத்துவத்தை அவர் அலுவலகத்தோடு விட்டுவிடாமல் வீட்டுக்கும் கொண்டுவந்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம். வீட்டில் அவரும் மனைவி பொற்கொடியும் மட்டும். பொற்கொடி பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அந்தச் சமயத்தில் அதிகாரிகள் மன்றத்துக்கு ஒரு பேச்சாளர் வந்து 'இல்லறத்தில் இனிமை' என்ற தலைப்பில் பேசினார். கணவனும் மனைவியும் வாரம் ஒருமுறை சேர்ந்து சமைத்தால் சண்டையே வராது என்றார். பேச்சாளர் மணமாகாதவர் என்பதால் அவர் கருத்தில் எந்தச் சார்பும் இல்லை.

செங்குட்டுவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே திட்டத்தை அறிவித்தார்.

"பொற்கொடி, இனிமே ஞாயித்துக்கிழமை நாம சேர்ந்து சமைக்கிறோம். வாரத்துக்கு ஒரு நாடு. அந்தந்த நாட்டோட பாரம்பரிய உணவு."

"யாரு சமைக்கிறது?"

"சேர்ந்துதான். திட்டமிடல், மேற்பார்வை, போட்டோ இதெல்லாம் நான். செயல்பாடு மட்டும் நீ."

பொற்கொடி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "பாத்திரம் கழுவுறது எதுல வருது?"

"அது செயல்பாட்டுக்குப் பிந்தைய செயல்பாடு" என்றார் செங்குட்டுவன்.

முதல் வாரம் ஜப்பான். சோற்றில் வினிகரை ஊற்றி உருட்டினார்கள். அதாவது பொற்கொடி உருட்டினாள். அவர் பக்கத்தில் செல்போனைப் பிடித்துக்கொண்டு "இறுக்கமா, இன்னும் இறுக்கமா" என்று ஜப்பானியப் பொறுமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் எத்தியோப்பியா. மாவை மூன்று நாள் புளிக்கவைத்து, ஓட்டை ஓட்டையாக ஒரு பெரிய வட்டம் ஊற்றினார்கள்.

"இது புளிச்ச தோசைங்க" என்றாள் பொற்கொடி.

"இஞ்செரா."

"எங்கம்மா வூட்ல மாவு மீந்துபோனா இதத்தான் ஊத்துவாங்க."

"பொற்கொடி, ஒரு நாட்டோட பாரம்பரியத்தக் கேவலப்படுத்தாத."

இத்தாலி வந்தபோது மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, கை ஓய்கிற வரைக்கும் கிண்டினாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கிண்டி எறக்குனா களிதானேங்க?"

"கிண்டுறதுல ஒண்ணுமில்ல. சொல்றதுலதான் இருக்கு. பொலென்டான்னு சொல்லிப் பாரு, ருசி மாறும்."

பொற்கொடி சொல்லிப் பார்த்தாள். மாறவில்லை. அவளுக்குப் பயிற்சி போதவில்லை என்று செங்குட்டுவன் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார்.

படங்கள் வாட்சப்பில் ஏறின. 'நானும் என் இல்லாளும்' என்று மேலே ஒரு வரி. படங்களில் அவர் கரண்டி பிடித்திருப்பார். இல்லாளின் கை மட்டும் ஓரத்தில் தெரியும். வட்டம் முழுக்கப் பேச்சானது. பஸ் ஸ்டாப்பில் நின்ற மனைவிகள் தங்கள் கணவர்களைச் செங்குட்டுவனைக் காட்டித் திட்டினார்கள். ஒரு மனிதர் சமூகத்துக்கு இதைவிட என்ன செய்ய முடியும்?

உண்மையான சோதனை கொரியாவின்போது வந்தது. சூப்புக்கு நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைக்க வேண்டும். கருவாடு என்ற சொல்லைக் கேட்டதும் செங்குட்டுவன் ஓடிப்போய் எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அதற்குக் காரணம் இருந்தது.

இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் ஒருநாள் பொற்கொடி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எதிர் வரிசைப் பெரிய குவார்ட்டர்ஸில் மேலதிகாரி சிவசங்கர் குடியிருந்தார். குழம்பு கொதி வந்த நேரத்தில் அவர் மனைவி சண்முகப்பிரியா தங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்தினாள். சாத்தினாள் என்றால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சத்தத்தில் செங்குட்டுவன் தமது 'வாசனைக் கொள்கை'யை வகுத்துவிட்டார்: கருவாடு, வயல் நண்டு, நத்தை முதலியவை குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டக் கூடாது.

இவற்றைக் கொண்டுவருகிறவர் ஒரே ஒருவர்தான். வடக்குத்தில் இருக்கிற அவருடைய அக்கா தனம். டவுன்ஷிப்பை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும். தனம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்பவள். லீவு நாளில் தூக்குவாளியோடு தம்பி வீட்டுக்கு வருவாள். கொள்கை அமலுக்கு வந்ததும் செங்குட்டுவன் மிகவும் நயமாகச் சொன்னார்: "அக்கா, இனிமே வரும்போது ஒண்ணும் எடுத்தாராத. வெறுங்கையோட வா."

"வெறுங்கையோட வர்றதுக்கு நான் இன்னா கடன் வசூலுக்கு வர்ற ஆளா?" என்று தனம் சிரித்தாள். பிறகு வருவதைக் குறைத்தாள். பிறகு வரவில்லை. கொள்கை முழு வெற்றி.

ஆகவே கொரியா நாளன்று ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு வியர்வையோடு நின்றிருந்தார். அப்படியும் வாசனை வெளியேறிவிட்டது. போன் வந்தது. சிவசங்கர்.

"செங்குட்டுவன், உங்க வீட்லேர்ந்து ஏதோ ஸ்மெல் வருதே?"

"சார்... அது... கொரியன் சார்."

"கொரியனா! அதானே பார்த்தேன், ஏதோ ஹைகிளாஸா இருக்கேன்னு. ஜன்னலைத் திறந்து வையுங்க மேன், நாங்களும் கொஞ்சம் அனுபவிக்கிறோம்!"

செங்குட்டுவன் ஜன்னலைத் திறந்தார். எதிரே சண்முகப்பிரியாவும் தன் ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அதே நெத்திலி. கடலூர் துறைமுகத்து நெத்திலி. பொற்கொடி அடுப்பைப் பார்த்து நின்றாள். சூப்பில் உப்பு அன்றைக்குக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அடுத்த வாரம் சிவசங்கர் அவரை அறைக்கு அழைத்தார். நிறுவன வேலையாக ஒருமுறை பாரிஸ் போய் மூன்று நாள் இருந்தவர் அவர். மீதி வாழ்நாள் முழுவதையும் அந்த மூன்று நாளைப் பற்றிப் பேசிக் கழிப்பது என்று தீர்மானித்திருந்தார்.

"பிரான்ஸ் எப்போ?"

"சார் சொல்ற தேதிதான் சார்."

"வர்ற ஞாயிறு. நானும் மேடமும் வரோம். ஆனா நத்தை இருக்கணும். பூண்டு, வெண்ணெய், ஓட்டுக்குள்ளேயே வச்சுக் கொடுப்பாங்க. அதைச் சாப்பிட்டாத்தான் நாகரிகம்னா என்னன்னு புரியும். அப்புறம், மன்றத்துக்குக் கலாசாரச் செயலாளர் ஒருத்தர் தேவை. யோசிச்சிட்டிருக்கேன்."

கலாசாரச் செயலாளர்! ஆண்டு விழா மேடையில் மூன்றாவது நாற்காலி! செங்குட்டுவன் அன்றே இணையத்தில் பிரெஞ்சு நத்தை டின் ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். சனிக்கிழமை காலையில் பதில் வந்தது: வருந்துகிறோம், கையிருப்பில் இல்லை.

அவர் சோபாவில் சரிந்ததைப் பார்த்துப் பொற்கொடி கேட்டாள்: "இப்ப என்ன, நத்தைதானே வேணும்? மழ பேஞ்சி ஏரியெல்லாம் தண்ணி கெடக்கு. தனம் அண்ணிகிட்ட சொன்னா அர மணி நேரத்துல வந்துடும்."

"வடக்குத்து நத்தையா? அது வேற, இது வேற!"

"எப்படி வேற?"

"அது பிரெஞ்சு நத்தை."

"அது பிரெஞ்சு பேசுமா?"

"விளையாடாத. அதுக்கு ஒரு கல்ச்சர் இருக்கு."

"நம்ம நத்தைக்கும் ஒரு வூடு இருக்குங்க. முதுகுலேயே தூக்கிக்கினு திரியுது. அத விட்டுட்டு எங்கயும் போறதில்ல" என்றாள் பொற்கொடி.

இதில் ஏதோ உள்குத்து இருப்பதாகச் செங்குட்டுவனுக்குப் பட்டது. ஆராய நேரமில்லை. நாட்டு நலன் கருதி ஒப்புக்கொண்டார். மூன்று நிபந்தனைகள் விதித்தார்: தனம் பின்வாசல் வழியாக வர வேண்டும், வாளியை மூடிக் கொண்டுவர வேண்டும், விருந்தினர் வருமுன் கிளம்பிவிட வேண்டும். இதை அக்காவிடம் போனில் பொற்கொடிதான் சொன்னாள். எப்படிச் சொன்னாளோ, தனம் அந்தப் பக்கம் கெக்கேபிக்கே என்று சிரித்தது இவர் காதுவரை கேட்டது.

அன்று மாலையே வந்துவிட்டாள். பின்வாசல்தான். வாளிமேல் துண்டு மூடியிருந்தது. குரலுக்கு மூடி கிடையாது.

"இன்னாடா தம்பி, நத்தைக்கு முக்காடு போட்டுக் கூட்டியாரச் சொன்னியாமே! யாரு அது, புதுப் பொண்ணா?"

"மெதுவா பேசுக்கா."

"பேசறன், பேசறன். எளச்சிப் போயிருக்கியே. உலகத்துல இருக்கற சோத்தையெல்லாம் தின்னுகினு இருக்கன்னு ஊரே பேசிக்குது. ஒண்ணும் ஒடம்புல ஒட்டலியே!"

செங்குட்டுவன் முன்னறைக்குப் போய் ஜன்னல் திரையைச் சரிசெய்தார்.

இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும் என்று நத்தைகளை வைத்துவிட்டு, தனம் அங்கேயே தங்கினாள். மறுநாள் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இல்லை, ஏதோ பள்ளித் தோழிகள் மாதிரி இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, வேகவைத்த நத்தையை ஊக்கால் குத்தி இழுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, பேசிப் பேசிச் சிரித்தார்கள். இத்தனை ஞாயிறுகளில் அந்தச் சமையலறையில் 'சேர்ந்து சமைப்பது' அன்றுதான் முதன்முறையாக நடந்தது. மேற்பார்வையாளர் அதைக் கவனிக்கவில்லை. அவர் மேசையில் முள்கரண்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

வெண்ணெய், பூண்டு, கொத்தமல்லி என்று செல்போன் சொன்னதையெல்லாம் போட்டார்கள். செல்போன் சொல்லாத மிளகையும் சின்ன வெங்காயத்தையும் அது பார்க்காத நேரத்தில் போட்டார்கள்.

நாகரிகம் தெரிந்தவர்கள் விருந்துக்குத் தாமதமாக வருவார்கள் என்பது செங்குட்டுவனின் கணக்கு. பாரிஸ் போய் வந்தவர் முன்கூட்டியே வந்து நின்றார். செங்குட்டுவன் கதவைத் திறந்து "வாங்க சார்" என்று சொல்லி முடிப்பதற்குள், சண்முகப்பிரியா "கிச்சனைப் பார்க்கலாமா?" என்று நேரே உள்ளே போய்விட்டாள்.

உள்ளே தனம், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நத்தை ஓடுகளின் நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க யாரு?" என்றாள் சண்முகப்பிரியா.

செங்குட்டுவனின் வாழ்வில் அது ஒரு மகத்தான தருணம். ஒரு சொல் போதும். மூன்றெழுத்து, அதில் ஒரு புள்ளி: அக்கா. குழந்தையாக இருந்தபோது அவர் வாயில் அம்மாவுக்கு முன்பே வந்த சொல் அது. ஆனால் ஒரு வருங்காலக் கலாசாரச் செயலாளருக்குச் சொற்பஞ்சம் ஏற்படலாமா?

"இவங்க... பிரெஞ்சு சமையல் எக்ஸ்பர்ட், மேடம். பாண்டிச்சேரிலேர்ந்து ஸ்பெஷலா வரவழைச்சேன்."

பொற்கொடியின் கையிலிருந்த கரண்டி வாணலியில் 'டங்'கென்று விழுந்தது. தனம் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அவன் சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, அக்கா காட்டிக்கொடுக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சுவான். அதே கண். தனம் எழுந்தாள். புடவையை உதறி இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"வணக்கங்க" என்றாள்.

அந்த விருந்தை இருபத்தோராம் வட்டம் மறக்காது. சிவசங்கர் முதல் நத்தையை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். திறந்தபோது பாரிஸில் இருந்தார்.

"இதே டேஸ்ட்! அப்படியே இதே டேஸ்ட்! இல்ல, இது அதைவிட அத்தென்டிக். மேடம், நீங்களும் உட்காருங்க."

தனம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"பாண்டிச்சேரின்னாலும் உங்க சமையல் பிரான்ஸோட எந்தப் பகுதியைச் சேர்ந்தது மேடம்?"

"நமக்கு வடக்குத்துங்க" என்றாள் தனம். அவளுக்கு ஊர் பெயர் சொல்லிப் பழக்கம்.

'வடக்கு' வரைக்கும் மேசைக்குக் கேட்டது. 'த்து'வைச் செங்குட்டுவனின் பயங்கரமான இருமல் விழுங்கிவிட்டது.

"வடக்கா! நினைச்சேன். வடக்குப் பிரான்ஸ்! அங்கதான் வெண்ணெய் ஜாஸ்தி!" என்று சிவசங்கர் மனைவியிடம் விளக்கினார். "அங்க விவசாயம் எல்லாம் எப்படி மேடம்?"

"முன்ன இருந்திச்சிங்க. இப்ப சுரங்கந்தான்."

"கரெக்ட்! வடக்குப் பிரான்ஸ்ல நிலக்கரிச் சுரங்கம் இருந்துச்சு, படிச்சிருக்கேன்!"

இப்படியாகப் பிரான்சின் வடக்குப் பகுதியைப் பற்றித் தனம் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. அங்கே மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது. பிள்ளைகள் பெர்மனன்ட் வேலை கேட்டுக் காத்திருக்கிறார்கள். சிவசங்கர் ஒவ்வொன்றுக்கும் "அங்கேயுமா!" என்று வியந்தார். பொற்கொடி சிரிப்பை அடக்க இரண்டு முறை சமையலறைக்குப் போய்வந்தாள். செங்குட்டுவனுக்கே பயம் தெளிந்து, கொஞ்சம் சிரிப்பு வர ஆரம்பித்தது.

அப்போதுதான் சிவசங்கர் ஐந்தாவது நத்தையைக் கையில் எடுத்தபடி சொன்னார்: "எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு, பாருங்க. நம்ம பக்கத்துலயும்தான் இருக்காங்களே, வடக்குத்துக்காரங்க. ஏரியில எறங்கி நத்தை பொறுக்குறாங்க. அதையும் திங்கறாங்களாம். பஸ்ல பக்கத்துல வந்து நின்னாலே குமட்டுது. என்ன செங்குட்டுவன்?"

பொற்கொடி கணவரைப் பார்த்தாள். தனம் பார்க்கவில்லை, விருந்தினர் தட்டில் என்ன குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்குட்டுவனின் தலை கொஞ்சம் கனத்தது. பிறகு, மேலதிகாரி பேசும்போதெல்லாம் இத்தனை வருஷமாக ஆடிப் பழகிய அந்தத் தலை, தானாகவே ஆடியது.

"ஆமா சார்" என்றது வாய்.

தனம் எழுந்தாள். சிவசங்கர் தட்டில் இன்னும் இரண்டு நத்தை வைத்தாள். கை கழுவினாள். வாளியை எடுத்துக்கொண்டாள். பின்வாசலுக்குப் போகவில்லை, கூடத்தின் நடுவே நடந்து, தம்பியின் முன்னால் நின்றாள்.

"அப்ப நான் வரன் சார்" என்றாள்.

முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

திட்டுவாள் என்றால் தாங்கியிருப்பார். அந்த 'சார்' காதிலேயே நின்றுவிட்டது. தனக்கு முன்னால் மிச்சமிருந்த ஒரு நத்தையை எடுத்து வாயில் போட்டார். வெண்ணெய்க்கும் பூண்டுக்கும் அடியில், மிளகின் காரத்தோடு, சின்ன வயதில் ஏரிக்கரையில் அக்கா ஊக்கால் குத்தி எடுத்து ஊதி ஊதி வாயில் வைத்த அதே ருசி. கண்ணில் தண்ணீர் வந்தது.

"இமோஷனல் ஆயிட்டீங்க" என்றார் சிவசங்கர். "பிரெஞ்சு சாப்பாடு அப்படித்தான்."

அந்த வாரம் முழுக்கப் பொற்கொடி தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறு விடிந்தது. காலைக் காபியோடு செங்குட்டுவன் மெல்லக் கேட்டார்: "இன்னிக்கி... எந்த நாடு?"

"எனக்குத் தெரிஞ்ச நாடெல்லாம் தீந்துபோச்சிங்க" என்றாள் அவள். "இனிமே திட்டமிடல்தான் வழி சொல்லணும்."

திட்டமிடல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியது. பஸ் ஏறியது. வடக்குத்தில் இறங்கி, பழைய தெருவில் வழி விசாரிக்காமல் நடந்தது. வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகலாமா என்று தெரியாமல் செருப்பை மட்டும் கழற்றியது.

தனம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சார் வந்திருக்கீங்களா? வாங்க. கருவாட்டுக் குழம்புதான். பாண்டிச்சேரி எக்ஸ்பர்ட்டு இன்னிக்கி லீவு."

"அக்கா" என்றார்.

"வெங்காயம் உரி" என்றாள் தனம்.

உரித்தார். கண் கலங்கியதற்குக் காரணம் கிடைத்தது. பாதியில் போன் அடித்தது. சிவசங்கர். செங்குட்டுவன் வெங்காயக் கையோடு எடுத்தார்.

"வாழ்த்துகள், கலாசாரச் செயலாளரே! முதல் வேலையா, அந்த மேடத்தை நம்ம மன்றத்துக்குக் கூப்பிட்டு ஒரு டெமோ வைக்கணும். எங்க இருக்கீங்க?"

செங்குட்டுவன் அக்காவைப் பார்த்தார். அக்கா குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்கா வூட்ல சார். வடக்குத்து. போன வாரம் நத்தை செஞ்சது அவங்கதான். என் கூடப் பொறந்தவங்க."

"ஹலோ... ஹலோ... சிக்னல் சரியில்ல" என்றார் சிவசங்கர். லைன் துண்டிக்கப்பட்டது. சிக்னல் ஐந்து கோடும் முழுசாக இருந்தது. ஒரு நாற்காலி காலியானதை உணர்ந்த செங்குட்டுவன், போனை வைத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். ஆச்சரியமாக, நன்றாகப் பசித்தது.

தனம் தட்டைக் கழுவி அவர் முன்னால் வைத்தாள்.

குழம்பு வாசனைக்கு அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். அதிகாரிச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து உருட்டி உருட்டித் தின்றுகொண்டிருந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு தனம் இது, ஒறம்பரயா? எந்த ஊரு?"

தனம் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"வெளிநாடுக்கா. இருவத்தோராம் வட்டம். பஸ்ஸுல கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துடலாம். இவரு வந்து சேர இத்தினி வருசமாயிருக்கு."